ஜெராக்ஸாவது தெளிவாக விழட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி விழாக்களில் இங்கிலீஷ் பாட்டுகளை அப்படியே வாசிக்கிற பையன்களை "ஜெராக்ஸ் மிஷின்கள்" என்று உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் திட்டியிருந்தார். கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பேஸ் கிட்டார் (பாட்டுக்குக் கீழ் ஸ்தாயி ஸ்வரங்களைக் கொடுக்கும் நாலு கம்பிக் கிட்டார்) பக்கமிருந்து நாங்கள் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஜெராக்ஸ் எடுப்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. எடுக்கிற ஜெராக்ஸில் பாதி எழுத்து விழவே இல்லை, அதுதான் வருத்தம். அதிலும் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறவர் பேஸ் வாசிக்கிறவர். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) பெயரைப் பார்த்து ரூட் நோட்டை, அதாவது அதன் ஆதார ஸ்வரத்தை, தும் தும் என்று தட்டிவிட்டு இறங்கிவிடலாம். கீழே உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சு அதிர்ந்தால் போதும், பேஸ் நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுவார்.

ஒழுங்காகப் பார்த்து எழுதினால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியை எடுத்துக்கொள்ளலாம். பேஸுக்கு அவர் ஆசைப்பட்டு வந்தவர் அல்ல. 1961-ல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் குழுவை விட்டு விலகியதும், வேறு ஆள் இல்லாமல் அந்த இடத்துக்கு நகர்த்தப்பட்டவர். ஹாம்பர்க் நகரில் ஹோஃப்னர் கம்பெனி பேஸ் ஒன்றை வாங்கினார். வயலின் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே வடிவம். இடது கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது. ஜெராக்ஸ் விஷயத்துக்கு வருவோம். பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தின் (1963) முதல் பாட்டு 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்'. அதன் பேஸ், அமெரிக்க ராக் பாடகர் சக் பெர்ரியின் 'ஐ'ம் டாக்கிங் அபௌட் யூ' பாட்டிலிருந்து எடுத்தது. எடுத்தேன் என்று மெக்கார்ட்னியே ஒப்புக்கொண்டிருக்கிறார். பிறகு மோட்டவுன் என்ற அமெரிக்க ரெக்கார்டு கம்பெனியின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனையும், 1966-ல் வந்த, பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் அவருடைய கை மாறியது. நாகஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை குருவின் பிடியை அப்படியே பிடித்துப் பழகுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் பாட்டு இருக்க இங்கிலீஷ் பாட்டு எதற்கு என்று உடனே கேட்பார்கள். பண்ணைப்புரம் ஒரு காலத்தில் மதுரை மாவட்டத்து ஊர்தானே, இளையராஜாவின் பேஸை விடவா என்று. விடவில்லை, அங்கேதான் போய்ச் சேர வேண்டும். ஆனால் அவருடைய பழைய பதிவுகளில் தபேலா, வயலின் கூட்டம், கிட்டார் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். புதுக் காதுக்குப் பேஸ் தனியாகப் பிரிந்து வராது. பீட்டில்ஸின் 1963-ம் வருஷத்து ஸ்டீரியோ பதிவுகளில் வாத்தியமெல்லாம் ஒரு காதிலும் பாட்டுக்குரல் மறு காதிலுமாகப் பிரிந்து கிடக்கும். கேட்கிற சுகத்துக்கு அது மோசமான மிக்ஸிங். படிக்கிறவனுக்கு வரப்பிரசாதம்.

அதைப் பயன்படுத்துகிற விதம் இது. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 41 அதிர்வு), மெல்லிய கம்பி 98 ஹெர்ட்ஸ். அந்தக் குட்டி ஸ்பீக்கரிலிருந்து அந்த அடிநாதம் வெளியே வராது, மேலே எழும்பும் கிளை நாதம்தான் கேட்கும். அதனால்தான் பலர் சரியான நோட்டை ஒரு ஸ்தாயி தள்ளி எழுதிக்கொள்கிறார்கள். காதை மூடுகிற ஹெட்போன் வேண்டும். போன் செட்டிங்கில் அக்செஸிபிலிட்டி என்ற இடத்தில் இடது வலது பேலன்ஸை நகர்த்தலாம். வாத்தியம் இருக்கிற பக்கத்துக்கு முழுக்கத் தள்ளினால் பேஸ் பளிச்சென்று வரும். பாடம் ஆனபிறகு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். குரல் மட்டும் நிற்கும், வாத்தியம் லேசாகக் கசியும். காசில்லாமல் கிடைக்கும் கரோக்கி அது. அதன் கீழே உங்கள் பேஸைப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: 2023-ல் பீட்டில்ஸின் '1962-1966' என்ற சிவப்பு அட்டைத் தொகுப்புக்காகச் சில பாட்டுகளைப் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். அதில் குரல் நடுவுக்கு வந்துவிட்டது, இந்த வித்தை பலிக்காது. பழைய ஆல்பத்தின் பெயரைப் பார்த்து எடுங்கள். குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தருகிற ஆப்களும் இப்போது உண்டு. வேலைக்கு ஆகும், ஆனால் கிக் டிரம்மின் அடியையும் பேஸின் தொடக்கத்தையும் சில இடங்களில் ஒன்றாகக் குழைத்துவிடும்.

இன்டர்நெட்டில் கிடைக்கிற டேப் தாளை (எந்தக் கம்பியில் எங்கே விரல் வைப்பது என்று எண்ணால் எழுதியது) கடைசியில் பாருங்கள். முதலில் நாலு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) மட்டும் கேளுங்கள். அதை வாயால் பாட வேண்டும், ஸரிகம சொல்லியோ தும்தும் என்றோ. வாயில் வராத இடம் காதிலும் ஏறவில்லை என்று அர்த்தம். கை மட்டும் ஏதோ ஒன்றைக் கற்பனை செய்து நிரப்பும். பாட்டு ஓடுகிற வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம், சுருதி மாறாது. அப்போதும் இருட்டாக இருந்தால் சுருதி மாற்றுகிற ஆப்பில் ஒரு ஸ்தாயி ஏற்றிக் கேளுங்கள், பேஸ் கிட்டார் சாதாரண கிட்டார் மாதிரி மேலே வந்து நிற்கும்.

முதலில் 'ஆல் மை லவிங்'. சுருதி ஈ, நம் கணக்கில் 3 கட்டை. பாட்டுப் பகுதியில் ஒரு பாருக்கு நாலே அடி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு நோட்டு, நடந்து போகிற மாதிரி. கார்டுகள் எஃப் ஷார்ப் மைனர், பி, ஈ, சி ஷார்ப் மைனர் என்று போகும். முதல் அடியில் அந்தக் கார்டின் ரூட், நடுவில் அதே கார்டின் மற்ற ஸ்வரங்கள், நாலாவது அடி அடுத்த கார்டின் வாசலில் போய் நிற்கும். அந்த நாலாவது அடிதான் மொத்தப் பாடமும். பையன்கள் நாலையும் ரூட்டாகவே அடிக்கிறார்கள், பாட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. வேகம் நிமிஷத்துக்கு 150 அடிக்கு மேல். 90-ல் ஆரம்பித்து, பிசகாமல் மூன்று முறை வந்தால் 5 ஏற்றுங்கள். தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை நாலு அடிக்கும் அடிக்க விடாமல் 2-லும் 4-லும் மட்டும் வைத்தால் உங்கள் கால் எங்கே ஓடுகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அதற்கப்புறம் 'ஐ சா ஹெர் ஸ்டாண்டிங் தேர்'. இதில் ஒரு பாருக்கு 8 நோட்டு, வேகம் சுமார் 160. ஸ்வரம் கஷ்டமில்லை, மணிக்கட்டுதான் செத்துப்போகும். இரண்டாவது நிமிஷத்தில் முன்கை இறுகினால் பிக்கை (கம்பியை மீட்டுகிற சின்னத் தகடு) அழுத்திப் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். மெக்கார்ட்னி பெரும்பாலும் பிக் கொண்டே வாசிப்பவர். சாதா கிட்டாருக்கான 0.5 மில்லிமீட்டர் பிக் பேஸ் கம்பியில் பட்டால் பட்பட் என்று பிளாஸ்டிக் சத்தம்தான் வரும், நாதம் வராது. 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல் எடுங்கள். நுனி 3 மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். மேலும் கீழும் மாற்றி அடிக்கலாம், ஆனால் மேல் அடி இளைத்துவிடக் கூடாது. போனில் பதிவு செய்து கேட்டால் 8 நோட்டில் 4 பலமாகவும் 4 நோஞ்சானாகவும் வருவது தெரியும்.

கருவி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் மனம் தளர்கிறார்கள். ஹோஃப்னரின் கம்பி நீளம் 30 அங்குலம். நம் கடைகளில் கிடைக்கிற சாதாரண பேஸ் 34 அங்குலம். 4 அங்குல வித்தியாசத்தில் கீழ் ஃபிரெட்டுகளின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) இடைவெளி அகன்றுவிடுகிறது. மெக்கார்ட்னி சாவகாசமாக எட்டுகிற இடத்துக்கு நம் சுண்டுவிரல் இழுபடும். ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்ற கிட்டார் வாத்தியார் விதியை முதல் 5 ஃபிரெட்டுக்குள் மறந்துவிடுங்கள். ஆள்காட்டி, நடுவிரல், பிறகு மோதிரமும் சுண்டும் சேர்ந்து ஒரே விரலாக. நாலு ஃபிரெட் அகலத்தை மூன்றாகச் சுருக்கி, தேவைப்பட்டால் கையையே நகர்த்துங்கள். இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் மணிக்கட்டு வலி. இன்னொன்று, அவர் இடது கைக்காரர் என்பதால் வீடியோவில் அவர் கை வலது கைக்காரருக்குக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கும். விரல் எங்கே போகிறது என்று பார்த்துப் பழக இதைவிட வசதி கிடையாது.

சத்தமும் அப்படித்தான். அந்தக் கால ஹோஃப்னரில் தட்டையாகச் சுற்றிய கம்பி; அடித்தவுடன் 'தும்' என்று கனிந்து அடங்கிவிடும். இன்று கடையில் தருகிற உருண்டைச் சுற்றுக் கம்பி கிணுகிணுவென்று நீளும். தட்டைக் கம்பி விலை அதிகம், வரவழைக்கவும் வேண்டும். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் பச்சை நாரை உரித்துவிட்டு மஞ்சள் பகுதியை 7 சென்டிமீட்டர் நீளம், சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டுங்கள். பிரிட்ஜை (கிட்டார் உடலில் கம்பிகள் முடிகிற தாங்கி) ஒட்டி, நாலு கம்பிக்கும் அடியில் செருகுங்கள். கம்பியைத் தொட்டால் போதும், தூக்கக் கூடாது. உயரம் அதிகமானால் மேல் ஃபிரெட்டுகளில் சுருதி ஏறிவிடும், நோட்டும் பலகையைத் தட்டின மாதிரி செத்துவிழும். ஏறியிருக்கிறதா என்று பார்க்க 12-வது ஃபிரெட்டை அழுத்தி டியூனரில் வையுங்கள். 1965-ல் மெக்கார்ட்னி கைக்கு வந்த ரிக்கன்பேக்கர் பேஸில் இதே வேலையைச் செய்யும் மியூட் பிரிட்ஜிலேயே கட்டி வந்தது, ஸ்பாஞ்சை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். கம்பியும் பழசாக இருந்தால் நல்லது. ஆனால் நம் ஊர் வியர்வை கம்பியை மென்மையாக்காது, அரித்துவிடும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பிக்கு அடியிலும் சேர்த்துத் துடைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேஸை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். கழுத்து வளைந்து, 12-வது ஃபிரெட்டில் இரண்டு இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கம்பி உயரம் எங்கோ போய்விடும். கழுத்தை நிமிர்த்த, அதற்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருப்பும்போது கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் போகக் கூடாது.

அடுத்து 1967. 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு மற்ற வாத்தியமும் குரலும் முடிந்தபிறகு கடைசியாக மெக்கார்ட்னி பேஸைப் பதிவு செய்தார். எல்லாம் காதில் இருக்கும்போது எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்து வாசிப்பதும், இருட்டில் ரூட்டைப் பிடித்துக்கொண்டு போவதும் ஒன்றாகுமா? 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' பாட்டில் பேஸ் எங்கே எழுகிறது என்று குறித்துப் பாருங்கள்: பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தில். குரல் ஓடும்போது அது அடங்கிக் கிடக்கும். கவர், அதாவது பிறர் பாட்டை, வாசிக்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். அந்த அலங்காரத்தை மட்டும் கற்றுக்கொண்டு குரலின் தலைமேல் போடுகிறார்கள். மருந்து ஒன்றுதான். பாட்டின் முழு மெட்டையும் முதலில் நீங்களே பாடக் கற்றுக்கொள்ளுங்கள். வரி முடிகிற இடங்களைப் பென்சிலில் கோடு போடுங்கள், கோட்டுக்கு அப்புறம்தான் விரல் நகரலாம்.

அதே ஆல்பத்தின் 'லூசி இன் தி ஸ்கை வித் டயமண்ட்ஸ்' பாட்டில் குரல் தொடங்குகிற பகுதியில் பேஸ் ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப் என்று படியிறங்கும். மேலே கீபோர்டு ஒரே மெட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும், கீழே ஆதாரம் மாறமாற அந்த மெட்டின் நிறமே மாறும். ஓத்து ஊதிச் சுருதி பிடிக்கிறவர் திடீரென்று ஒரு படி இறங்கினால் நாகஸ்வரத்தின் ராகம் எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். கார்டு பெயரை மட்டும் பார்த்து இந்த நாலு இடத்திலும் ஏ வாசித்தால் சுருதி பிசகியதாக யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் பாட்டு போயே போயிற்று. தாளமும் கவனம்: அந்தப் பகுதி மூன்றில் நடக்கும், பல்லவி நாலில் அடிக்கும். மாறுகிற இடத்தில் டிரம்மரின் கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1969-ன் 'கம் டுகெதர்' எல்லோரும் வாசிக்கிறார்கள், எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். சுருதி டி, 2 கட்டை. வேகம் சுமார் 82. ஏ கம்பியின் 5-வது ஃபிரெட்டில் டி. அங்கிருந்து டி கம்பியின் 7-ல் ஏ. ஜி கம்பியின் 7-ல் மேல் டி. அதே விரலை எடுக்காமல் 10-வது ஃபிரெட்டுக்கு இழுத்தால் எஃப். உறுமியில் குச்சியைத் தேய்க்கும்போது நாதம் மேலே ஏறுமே, அந்த ஏற்றம்தான் இந்த இழுப்பு. தப்பு எது என்றால், இழுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டுவது. கம்பி ஃபிரெட் ஃபிரெட்டாகத் தடதடவென்று படியேறும். 7-ல் அடித்தவுடன் அழுத்தத்தைச் சற்றே தளர்த்தி, நாதம் அறுந்துவிடாமல் தள்ளி, 10-ல் மறுபடி உறுதியாக நிறுத்த வேண்டும். இழுப்புக்கு அப்புறம் வருகிற மௌனத்தையும் எண்ணி வாசியுங்கள். அந்த நேரத்தில் கீழே தொடாத ஏ கம்பியும் ஈ கம்பியும் முனகும். வலது உள்ளங்கையின் ஓரம் அவற்றின் மேல் கிடக்க வேண்டும்.

'சம்திங்' பாட்டைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம். பீட்டில்ஸின் கிட்டார்க்காரர் ஜார்ஜ் ஹாரிசனின் பாட்டு, சி சுருதி, 1 கட்டை, வேகம் 66 பக்கம். வேகம் குறைந்தால் சுலபம் என்று நினைக்கிறார்கள். இந்த வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு விநாடி இருக்கிறது. அவ்வளவு இடத்தில் ஒரு நோட்டு எங்கே முடிகிறது என்பது எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சமம். இதைப் படிக்க மூன்று வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு பாரின் முதல் நோட்டு மட்டும், முழு நீளத்துக்கு. இரண்டாவது வாரம் கார்டு மாறும் இடத்துக்குக் கொண்டுபோகிற ஸ்வரங்கள். மேலே ஓடுகிற வரிசைகளுக்கு மூன்றாவது வாரம்தான் போக வேண்டும். தலைகீழாகப் படித்தவர்களுக்கு அலங்காரம் வரும், பாட்டு தள்ளாடும்.

பதிவுக்கும் உங்கள் கிட்டாருக்கும் சுருதி ஒட்டாவிட்டால் உடனே டியூனரைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் பதிவு செய்கிற டேப் நாடாவின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து விளையாடியிருக்கிறார்கள். 'ரெயின்' (1966) பாட்டின் வாத்தியப் பகுதியை வேகமாக வாசித்துப் பிறகு டேப்பை மெதுவாக ஓடவிட்டார்கள். அந்தக் கனத்த சத்தம் எந்தக் கம்பியிலும் ஆம்பிலும் கிடைக்காது. 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' ஏ-க்கும் பி ஃப்ளாட்டுக்கும் நடுவில் தொங்குகிறது. கிட்டாரைத் திருகாமல் ஆப்பில் பாட்டின் சுருதியை நகர்த்துங்கள்.

ஒரு பாட்டு கையில் ஏறிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? அதையே 4 கட்டைக்கும் 5 கட்டைக்கும் மாற்றி, ஓப்பன் கம்பி கைகொடுக்காத இடத்திலும் வாசிக்க முடிந்தால். பிறகு, மெக்கார்ட்னி செய்த ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்து, உதாரணமாக நாலாவது அடியில் அடுத்த கார்டின் வாசலில் நிற்பதை, நமக்குத் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். பொருந்தாத இடமும் இருக்கும். ராகத்தில் இல்லாத ஸ்வரத்தை வழிப்போக்கனாகத் தொட்டால் சில மெட்டுகள் தாங்கும், சிலவற்றில் அது அபஸ்வரமாகவே நிற்கும். இளையராஜா பாட்டுகளின் பேஸ் எங்கே விலகுகிறது, எங்கே ராகத்துக்குள்ளேயே நடக்கிறது என்று கேட்க அப்போதுதான் காது தயாராகும்.

மேடைக்கு வருவோம். இங்கே பாதித் தப்பு பையன்கள் மேல் இல்லை. ஊர்த் திருவிழா மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் சவுண்ட் செட் வைப்பவர் சப்-வூஃபரைத் திறந்துவிட்டு, 60 ஹெர்ட்ஸ் பக்கம் ஏற்றிவிடுகிறார். இப்படி வாசிக்கிற பேஸுக்கு அது எமன். நாலு நோட்டும் ஒரே உறுமலாகக் கேட்கும். 60 முதல் 80 வரை குறைத்து, 200-400 பக்கம் கொஞ்சம் ஏற்றி, பிக்கின் நுனி தெரிய 800 பக்கம் துளி ஏற்றினால் பின்வரிசைக்கும் ஸ்வரம் பிரிந்து கேட்கும். பேஸைக் கிட்டார் ஆம்பில் செருகாதீர்கள், ஸ்பீக்கர் கிழியலாம். டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்கு நேரே கொடுங்கள். ஜெனரேட்டரில் ஓடுகிற மேடையில் எர்த் சரியில்லாவிட்டால் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும். கம்பியைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறது அல்லது மைக் சுருக்கென்கிறது என்றால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதுதான் சரி, ரப்பர் செருப்பு போட்டுச் சமாளிப்பது இல்லை.

மெல்லிசைக் குழு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளம் மிச்சம் என்று கீபோர்டுக்காரரின் இடது கையையே பேஸாக வைத்துக்கொண்டீர்கள். அது உங்கள் கணக்கு. ஆனால் பேஸ் கிட்டார் வாசிக்க ஓர் ஆளை ஏற்றிவிட்டால், அந்தப் பாட்டுக்காவது கீபோர்டுக்காரர் இடது கையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு பேரும் கீழே நடந்தால் பேஸ் ஏ-யிலிருந்து ஜி-க்கு இறங்கும்போது அங்கே இன்னும் ஏ நின்றுகொண்டிருக்கும், பழி புதுப் பையன் மேல் விழும்.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் வாசிக்கிறவர்களும் சொல்லித்தருகிறவர்களுமான சிலர்,
சிம்மக்கல், மதுரை